நீச்சல் குளமும் நம் குழந்தைகளும்

பாலாற்றில் நீந்தி விளையாடிய கதையைத் தாத்தாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆறு வெறும் மணல் வெளி. ஆனால் நீந்தும் ஆசை மட்டும் நம் பிள்ளைகளை விட்டு அகலவில்லை. காசு உள்ள வீட்டுப் பிள்ளைகள் கட்டண நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் கிணற்றில் குதிக்கிறார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பியையும் மாமன் மகனையும் வேலூர்ப் பக்கம் ஒரு குளத்துக்கு அழைத்துச் சென்றேன். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர். லீவு நாட்களில் பிள்ளைகள் என் பொறுப்பு. ஆழமில்லாத பக்கத்தில்தான் இறக்கிவிட்டேன். கரையில் உட்கார்ந்து கைப்பேசியில் நண்பனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது தம்பி தண்ணீரில் நின்றபடி வானத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. விளையாடுகிறான் என்று மீண்டும் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் புடவையோடு இறங்கி அவனைத் தூக்கிய பிறகே எனக்கு விளங்கிற்று. தரை சரிந்து ஆழமாகும் இடத்துக்கு இரண்டடி நகர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். இருமினான், வாந்தி எடுத்தான், பிழைத்தான். டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்கு அழைத்து வந்தது நான் செய்த இரண்டாவது தவறு. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்.

மூழ்குகிறவர் "காப்பாற்றுங்கள்" என்று கூவுவார், கையை ஆட்டுவார் என்று சினிமா நமக்குக் கற்பித்திருக்கிறது. உண்மை வேறு. அமெரிக்காவில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா என்பவர், நியூயார்க் கடற்கரையில் உண்மையில் மூழ்கியவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கூவ முடிவதில்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்குகின்றன. உடல் நிமிர்ந்து, தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். நான் கண்டது அதைத்தான், கண்டும் காணவில்லை!

ஆகவே சிறு பிள்ளையை நீரில் விட்டவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருளேயன்றிப் பாதுகாப்புச் சாதனம் அன்று. டிக்கெட் வாங்குமுன் குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கலங்கிய நீரில் அடியில் கிடப்பவர் யார் கண்ணுக்கும் படமாட்டார். உயிர்காப்பாளர் இருந்தாலும் நம் கண் அகலக் கூடாது. 2012 ஆகஸ்டில் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்பு மாணவன் இறந்தது பயிற்சி வகுப்பின்போதுதான்.

பெரிய பையன்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு: யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்ற பந்தயம். முங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். இதனால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற உந்துதல் தாமதமாகிறது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து, நன்றாக நீந்தத் தெரிந்தவனும் நினைவிழக்கிறான்.

குளத்துக்காவது சுவரும் வாசலும் உண்டு. கிணற்றுக்கு? தோல் கழிவினால் நம் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை உச்ச நீதிமன்றமே 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் குறிப்பிட்டது. பயிர் போனால் பம்பு செட்டும் போகும். காவலுக்கு ஆளும் இருக்கமாட்டார். கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு மட்டும் பிள்ளைகளுக்காகத் திறந்து கிடக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பதைப் பற்றித் தனி ஆய்வே செய்து 2000-இல் வெளியிட்டார்கள். உலகெங்கும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் இவ்வாறு இறந்தனர் என்றும், அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

காப்பாற்றப் போகிறவரும் மூழ்குவதுண்டு. 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் ஏழு பெண்களும் சிறுமிகளும் ஒன்றாக உயிரிழந்தது அப்படித்தான். கயிறு, புடவை, வேட்டி, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதுவானாலும் கரையிலிருந்து வீச வேண்டும்.

மீட்ட பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. அவை நேரத்தைக் கொல்லும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மார்பு உயரும்படி ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை இதை நிறுத்தாமல் தொடர வேண்டும். எழுத்தில் படித்தால் கை பழகாது. பொம்மையின்மேல் செய்து பார்க்க வேண்டும்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு முகாமிடும் கிராமத்தில் திறந்த கிணறுகளை எண்ணி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு லாரி டியூபை நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம் என்று திட்ட அலுவலர் ஐயாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய டியூப் தருவதாக எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணன் சொல்லியிருக்கிறார். கயிறுதான் வாங்க வேண்டும்.