ஆயுள் முழுக்க கோல்டு கார்டு கையில்... இனியும் அதே விமானத்தில்தான் பறக்கணுமா?

பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. பெட்டி கைத்தராசில் தொங்குகிறது. 23 கிலோவைத் தாண்டி ஒரு துளி ஏறினாலும் வீட்டில் பஞ்சாயத்துதான். வடாமை எடுப்பதா, சாம்பார்ப்பொடியை எடுப்பதா? பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. அந்த நேரத்தில் 'என் கார்டுக்கு இன்னொரு பெட்டி ஃப்ரீ' என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அவர்தான் வீட்டின் ஹீரோ.

அது ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் கார்டு. ஒரே விமான நிறுவனத்தில் அடிக்கடி பறப்பவர்களுக்கு சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று அந்தஸ்து கொடுப்பார்கள். வழக்கமாக இதற்கு ஆயுள் ஒரு வருடம்தான். அடுத்த வருடம் பறப்பது குறைந்தால் அந்தஸ்தும் இறங்கிவிடும். ஆனால் சில நிறுவனங்கள், குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டியவர்களுக்கு ஆயுள் முழுக்க அந்தஸ்து தருகின்றன. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் அந்தக் கோடு 10 லட்சம் மைல். அதைத் தாண்டினால் வாழ்நாள் கோல்டு.

10 லட்சம் மைல் என்றால் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர். பூமியை 40 தடவை சுற்றி வரும் தூரம். அதுவும் 2012-க்குப் பிறகு கூட்டாளி நிறுவனங்களின் விமானத்தில் பறந்ததெல்லாம் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. யுனைடெட்டே இயக்கும் விமானமாக இருக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூவார்க் 2,565 மைல். அந்த ஒரு பாதையிலேயே பறந்தால், கிட்டத்தட்ட 390 தடவை போக வேண்டும். தூக்கம், பிறந்தநாள், குழந்தையின் ஸ்கூல் ஆண்டுவிழா என்று எத்தனையோ விட்டுக்கொடுத்துச் சேர்த்த கார்டு அது. அதனால்தான் 'வேறு நிறுவனத்துக்கு மாறலாமா' என்ற கேள்வி வந்தாலே மனசு கேட்பதில்லை.

இப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20 வருடம் அமெரிக்காவில் வேலை. வாரத்துக்கு இரண்டு ஃப்ளைட். வாழ்நாள் கோல்டும் கிடைத்துவிட்டது. இப்போது அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள அம்பத்தூருக்கே திரும்பிவிட்டார். வேலையும் தொழிற்பேட்டை பக்கத்து ஐ.டி. பார்க்கில். சென்னைக்கு யுனைடெட் விமானம் வருவதே இல்லை. இவர் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார்டு செத்துப்போய்விடவில்லை என்பது முதல் பதில். யுனைடெட், ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் இருக்கிறது. சென்னைக்கு வந்துபோகும் லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ் எல்லாம் அதே கூட்டணி. 2014 ஜூலையிலிருந்து ஏர் இந்தியாவும் அதில் உண்டு. ஆக, இவர்களின் விமானங்களில் அதே கோல்டு செல்லும். பெட்டி எண்ணிக்கைக் கணக்கு உள்ள ரூட்டில் கூடுதலாக ஒரு பெட்டி, கிலோ கணக்கு உள்ள ரூட்டில் கூடுதலாக 20 கிலோ. லவுஞ்சுக்குள் தன்னோடு ஒருவரைக் கூட்டிப்போகலாம். செக்-இன் வரிசையும் தனி.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பலவும் நடுராத்திரிக்கு மேல்தான் கிளம்புகின்றன. மதுரவாயல் டிராஃபிக்குக்குப் பயந்து ஆவடிக்காரர் சாயங்காலமே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் உட்கார வேண்டிய அப்பாவுக்கு, ஒரு சாய்வு நாற்காலியும் சூடான காபியும் சின்ன விஷயமில்லை.

ஆனால், கார்டு செல்லாத இடங்களும் நிறைய. உள்நாட்டு விமானப் பயணிகளில் 100-க்கு 60 பேருக்கு மேல் பறப்பது இண்டிகோவில். அது எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் கிடையாது. பெயரைப் பார்த்து ஏமாந்து கவுன்ட்டரில் கோல்டு கார்டை நீட்டினால் பயனில்லை. எமிரேட்ஸ், எதிஹாட் வழியாகப் போனாலும் இதே கதைதான்.

இன்னொரு நுணுக்கம், 'கோல்டு' என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸிலும் 10 லட்சம் மைலுக்கு வாழ்நாள் கோல்டு தருகிறார்கள். ஆனால் அவர்களின் ஒன்வேர்ல்டு கூட்டணியில் அதற்கு மதிப்பு 'ரூபி' மட்டுமே. லவுஞ்ச் கிடையாது. லவுஞ்சோடு கூடிய 'சஃபையர்' வேண்டுமென்றால் 20 லட்சம் மைலுக்கான வாழ்நாள் பிளாட்டினம் வேண்டும். சென்னைக்கு வரும் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், மலேசியா, ஸ்ரீலங்கன் விமானங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மாறினால் என்ன நஷ்டம்?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வேறு திட்டத்தில் சேர்ந்தால் பழைய அந்தஸ்து போய்விடும் என்று பயம். போகாது. வாழ்நாள் அந்தஸ்து என்பதன் அர்த்தமே, அதைத் தக்கவைக்க இனி ஒரு மைல்கூடப் பறக்க வேண்டாம் என்பதுதான். பழைய கணக்கை மூடாத வரை அது பர்ஸில் இருக்கும். உண்மையில் முடிவு செய்ய வேண்டியது, இனிமேல் சேரும் மைல்களை எந்தக் கணக்கில் போடுவது என்பதை மட்டுமே.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு டிக்கெட்டில் ஒரு உறுப்பினர் எண்தான் போட முடியும். யுனைடெட் எண்ணைப் போட்டால் போர்டிங் பாஸில் கோல்டு என்று வரும். மைலும் அங்கே போகும். ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் எண்ணைப் போட்டால் புள்ளி இங்கே சேரும். போர்டிங் பாஸில் கோல்டு வராது. பெட்டி நிறைய இருக்கும் அமெரிக்கப் பயணத்துக்குப் பழைய எண், கைப்பையோடு மும்பை போய்வரும் ஆபீஸ் பயணத்துக்குப் புதிய எண் என்று பிரித்துக்கொள்வது ஒரு வழி. கூட்டாளி நிறுவனத்தின் மலிவு டிக்கெட்டுக்கு மைல் கொஞ்சம்தான் ஏறும், சில வகைக்கு ஏறவே ஏறாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

'என் கோல்டைப் பார்த்து அங்கேயும் கோல்டு கொடுங்கள்' என்று கேட்கும் வசதிக்கு ஸ்டேட்டஸ் மேட்ச் என்று பெயர். அது பெரும்பாலும் சில மாதம் அல்லது ஒரு வருடத்துக்குத்தான். வாழ்நாளுக்கு வாழ்நாள் மாற்றித் தர மாட்டார்கள். 50 வயதில் இன்னொரு நிறுவனத்தில் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்து வாழ்நாள் அந்தஸ்து வாங்குவேன் என்று கிளம்புவது, சொல்லப்போனால் வீண் வேலை.

வாழ்நாள்... யாருடைய வாழ்நாள்?

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி கடைசியாகப் பறந்தது. ஜெட் பிரிவிலேஜ் தனி நிறுவனமாக இருந்ததால் புள்ளிகள் தப்பின. அதே வருடம் அது இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. ஆனால், பிளாட்டினம் கார்டைக் காட்டி ஏற விமானம்தான் இல்லை! 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, கிளப் விஸ்தாராக்காரர்களின் புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டன. எல்லா மூடுவிழாவும் இவ்வளவு மரியாதையாக நடப்பதில்லை.

நிறுவனம் நன்றாக இருந்தாலும் விதி மாறும். ஏர் இந்தியா 2024-லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலும், 'எவ்வளவு தூரம் பறந்தீர்கள்' என்ற கணக்கிலிருந்து 'எவ்வளவு செலவழித்தீர்கள்' என்ற கணக்குக்கு மாறின. கம்பெனி காசில் பறப்பவருக்கு இது லாபமாக இருக்கலாம். சொந்தக் காசில், ஆறு மாதம் முன்பே மலிவு டிக்கெட் தேடி எடுக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதனால் வாழ்நாள் கார்டு வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் டிக்கெட் விலை. ஒரு பேச்சுக்கு, கோல்டு செல்லும் விமானத்தில் தலைக்கு 8,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் போனால் 32,000 ரூபாய். பதிலுக்குக் கிடைப்பது கார்டுக்காரருக்கு ஒரு பெட்டியும், இருவருக்கு லவுஞ்சும். மீதி இருவர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். 'நம்ம ஏர்லைன்ஸ்' என்ற பாசத்துக்கு இது அதிக விலை. அதுவே இவர் தனியாக, கனமான பெட்டிகளோடு, 2,000 ரூபாய் வித்தியாசத்தில் போகிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய கார்டுக்கே போகலாம். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மாறுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், பழைய கணக்கை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. அங்கே பதிவான மொபைல் எண், அமெரிக்காவை விட்டு வரும்போதே ரத்து செய்த எண்ணாக இருக்கலாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் சரிபார்ப்பு எண் எங்கேயோ போய்ச் சேரும். அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு தீராத தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கார்டில் ஒற்றை எழுத்து இருக்கும். டிக்கெட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தஸ்தும் ஏறாது, மைலும் ஏறாது.

முக்கியமாக இன்னொன்று. யுனைடெட்டில் வாழ்நாள் அந்தஸ்து பெற்றவர், அதே அந்தஸ்தைத் தன் வாழ்க்கைத்துணைக்கும் வாங்கிக்கொடுக்கலாம். துணையின் பெயரைப் பதிவு செய்தால் போதும். கோடை விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் நான்கு பெட்டிகளையும் தனியாக இழுத்துக்கொண்டு போகப்போகிறவர் அவர்தான் என்றால், அந்தப் பதிவை இன்றைக்கே செய்துவிடலாம்.