சக்கரத்தின்மேல் ஒரு வீடு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவையும் உடையையும் அன்றாட உழைப்பால் தேடிக்கொள்ளலாம். வீடோ அத்தகையதன்று. பலர்க்கு அது வாழ்நாளின் பெரும்பகுதியையும் விழுங்கும் கடனாகிவிடுகின்றது. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்னும் நம் பழமொழி இத்துன்பத்தை உணர்ந்தோர் கூறிய அறிவுரையே ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கருத்தைத் தாமே கண்டு, செயலில் காட்ட முற்பட்டோர் சிலர் உளர். அவர்கள் வீட்டைச் சிறிதாகக் கட்டியதோடு அமையாமல், அதற்குச் சக்கரங்களையும் பொருத்தினர். அவ்வீட்டின் நலங்களையும் குறைகளையும் சீர்தூக்கிப் பார்த்தல் பயனுடையது.

சிறுவீட்டில் வாழும் எண்ணம் அந்நாட்டுக்குப் புதியதன்று. ஹென்றி டேவிட் தோரோ என்னும் அறிஞர் 1845ஆம் ஆண்டில் வால்டன் என்னும் குளக்கரையில் 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள குடிலொன்றைத் தாமே கட்டினார். அதற்கு ஆன செலவு 28 டாலருக்குச் சிறிதே மிகுதி. அக்குடிலில் அவர் ஈராண்டுகளுக்குச் சற்று மேலாக வாழ்ந்தார். பிற்காலத்து மக்களோ அவர் காட்டிய வழியிற் செல்லவில்லை. 1973இல் அந்நாட்டிற் புதிதாகக் கட்டப்பட்ட தனிவீட்டின் சராசரிப் பரப்பு ஏறத்தாழ 1,660 சதுர அடி. 2015இல் அது 2,600 சதுர அடியைக் கடந்துவிட்டது. குடும்பங்கள் சுருங்க, வீடுகள் விரிந்தன. வீடுகளோடு கடனும் விரிந்தது. முப்பது ஆண்டுகள் தவணை செலுத்தும் கடன் அங்கு வழக்கமாயிற்று.

இந்நிலையில் ஜே ஷேஃபர் என்பவர் 1999ஆம் ஆண்டில் ஏறத்தாழ நூறு சதுர அடிப் பரப்பில் தமக்கென ஒரு வீடு அமைத்தார். ஊர்தோறும் உள்ள கட்டட விதிகள், வீடு இத்துணைப் பரப்புக்குக் குறையக்கூடாது என வரையறுத்திருந்தன. ஆகவே, அவர் தம் வீட்டைச் சக்கரங்களின்மேல் அமைத்தார். சக்கரம் ஏறியதும் அது கட்டடம் என்னும் பெயர் நீங்கி, வண்டி என்னும் பெயர் பெற்றது. கட்டட விதிகளும் விலகின. ஊர் சுற்றும் விருப்பத்தாலன்று, விதியின் இடையூற்றை நீக்கவே சக்கரம் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எண்ணற்றோர் கடனைக் கட்ட இயலாமல் வீட்டை இழந்தனர். அதன்பின் இச்சிறுவீடுகளின்பால் பலருடைய நாட்டமும் சென்றது.

இவ்வீடு, மோட்டார் வண்டியின் பின்னே இணைத்து இழுத்துச் செல்லத்தக்க இரும்பு அடிச்சட்டத்தின்மேல் பெரும்பாலும் மரத்தால் கட்டப்படுகின்றது. சாலையிற் செல்ல வேண்டுமாதலின், தனி இசைவு பெறாதவிடத்து அகலம் 8½ அடிக்கு மேற்படலாகாது. உயரம் பெரும்பாலான மாநிலங்களில் 13½ அடிக்குள் அடங்கவேண்டும். எனவே 24 அடி நீளமுள்ள வீட்டின் தரைப்பரப்பு 204 சதுர அடியே. அதற்குள் அடுக்களை, குளியலறை, அமரும் இடம் ஆகிய அனைத்தும் அமைகின்றன. உறங்குமிடம் பெரும்பாலும் கூரையின்கீழ் அமைந்த பரணே. படிகளின் அடியில் இழுப்பறைகள் இருக்கும். சுவரோடு மடியும் பலகை, உண்ணும்போது மேசையாகும்.

இவ்வீட்டினால் விளையும் நன்மைகளுள் முதன்மையானது கடனின்மை. கட்டும் செலவு குறைவாதலின், சில ஆண்டுகள் சேமித்த பொருளே போதியதாகலாம். குளிர்நாட்டில் வீட்டை வெப்பமாக வைத்திருக்க மிகுந்த எரிபொருள் தேவை. சிறிய அறைக்கோ சிறிதளவே போதும். பெருக்கித் துடைக்கும் வேலையும் விரைவில் முடியும். வைக்க இடமில்லாமையால் வேண்டாத பொருள்களை வாங்கிக் குவிக்கும் பழக்கமும் நீங்கும். வேலை வேறோர் ஊரில் கிடைப்பின் வீட்டையும் உடன்கொண்டு செல்லலாம்.

இனி, குறைகளைக் காண்பதும் முறையாகும். ஒருவர்க்குப் போதுமான இடம், குழந்தைகள் பிறந்தபின் போதுவதில்லை. ஒருவர் உறங்க விரும்பும்போது மற்றவர் விளக்கேற்றிப் படிப்பதும் அரிதாகும். சமைக்கும் நீராவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் வெளியேற வழியின்றிச் சுவரில் நீராகப் படிந்து, பூஞ்சணத்தை உண்டாக்கும். வெப்பக்காற்று மேலெழும் இயல்பினதாகையால் கோடையில் பரண் புழுங்கும். முதுமையில் ஏணி ஏறுதல் எளிதன்று. தீப்பற்றினாற் பரணிலிருந்து தப்புதலும் கடினம். சில டன் எடையுள்ள வீட்டை இழுக்க வலிய வண்டி வேண்டும். பாரம் சீராக அமையாவிடின் சாலையில் வீடு தள்ளாடும்.

இவற்றினும் பெரியது நிலம் பற்றிய இடர்ப்பாடு. வண்டியென்று பெயர் பெற்றதால் கட்டட விதியினின்று தப்பிய வீடு, அப்பெயராலேயே வேறொரு விதியிற் சிக்குகின்றது. வண்டியில் நிலையாகக் குடியிருத்தல் கூடாது எனப் பல ஊர்கள் தடுக்கின்றன. பிறர் நிலத்தில் நிறுத்தினால் வாடகை தரவேண்டும். நிலமுடையார் போகச் சொன்னால் போகவும் வேண்டும். நீரும் மின்சாரமும் பெற இணைப்பு வேண்டும். கழிவுநீர் செல்ல வழி வேண்டும். நிலத்தோடு சேராத வீட்டுக்கு வங்கிகள் வீட்டுக்கடன் தரத் தயங்குகின்றன. நிலத்தின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறக்கூடும். வண்டியின் மதிப்போ இறங்கிக்கொண்டே வரும்.

இக்குறையை உணர்ந்து சில ஊர்கள் விதிகளைத் தளர்த்தின. கலிபோர்னியா மாநிலத்து ஃபிரெஸ்னோ நகரம் 2016இல், வீட்டின் பின்புறத்தில் சக்கர வீட்டை நிறுத்தி நிலையாகக் குடியிருக்க இசைவளித்தது. 2018ஆம் ஆண்டின் பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுதி, 400 சதுர அடிக்கு மேற்படாத வீட்டைச் சிறுவீடு என வரையறுத்து, பரணுக்கும் ஏணிக்கும் தனி விதிகள் வகுத்தது. ஆயினும் அவை தரையில் ஊன்றிய வீடுகளுக்கே உரியவை.

விரும்பி ஏற்கும் எளிமை வேறு. வறுமை சுமத்தும் இடநெருக்கடி வேறு. வாடகை கொடுக்க இயலாமையால் முதிய வயதிலும் வண்டியிலேயே வாழ்ந்து, பருவ வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் அமெரிக்கரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் ஒரு நூல் எழுதினார். நம் நாட்டு இராசத்தானத்திலும் இதற்கு ஒப்பான வாழ்க்கையைக் காணலாம். அங்குள்ள காடியா லோஹார் என்னும் கொல்லர்கள் மாட்டு வண்டிகளையே இல்லமாகக் கொண்டவர்கள். 1568இல் சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது, அதனை மீட்கும்வரை வீட்டில் வாழ்வதில்லை எனத் தம் முன்னோர் சூளுரைத்தனர் என்பது அவர்தம் மரபுரை. 1955இல் தலைமையமைச்சர் நேரு அவர்களை அக்கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். சூளுறவு அன்று நிறைவேறிற்று. ஆயினும் நிலையான வீடு எல்லார்க்கும் கிட்டவில்லை. இடம் மாறிக்கொண்டேயிருந்தால் குழந்தைகளின் கல்வி தடைப்படும். முகவரியின்மையால் அரசின் உதவிகளும் எளிதில் எட்டா.

ஆகவே, சக்கர வீட்டை முற்றும் புகழ்தலும் தகாது. முற்றும் இகழ்தலும் தகாது. மனிதன் வாழப் பேரில்லம் வேண்டியதில்லை என்பதை அது தெளிவாக உணர்த்துகின்றது. நிலமும் நீரும் அண்டை அயலாரும் இன்றி எவ்வில்லமும் நிறைவு பெறாது என்பதையும் அதுவே உணர்த்துகின்றது. ஓடுவதற்குச் சக்கரம் போதும். நிற்பதற்கோ நிலம் வேண்டும். அந்நிலத்தை எளியவர்க்கும் உரியதாக்குதல் நல்ல சமுதாயத்தின் கடமையாகும்.