கிடாவை மட்டும் பார்த்தால் போதுமா?

24 அடி உயரம் வரை நீர் நிற்கும் செம்பரம்பாக்கம் ஏரி கோடையில் உள்வாங்கும்போது, கரையோரம் முளைக்கும் புல்லை நம்பி ஆட்டு மந்தைகள் இறங்குகின்றன. இந்த வட்டாரத்தின் சொந்த ஆடு மெட்ராஸ் ரெட் என்னும் சென்னைச் சிவப்பு செம்மறி. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள்தான் இதன் தாயகம். உடம்பில் கம்பளி கிடையாது, ரோமம்தான். வளர்ப்பது இறைச்சிக்காக. ஆகவே ஆடு வைத்திருப்பவரின் வருமானம் முழுக்கக் குட்டியின் எடையில் இருக்கிறது.

அந்த எடை எங்கிருந்து வருகிறது? கேட்டால் பெரும்பாலும் கிடாவைக் கைகாட்டுவார்கள். அது பாதி பதில்தான்.

குட்டியின் மரபணுக்களில் ஏறக்குறையச் சரிபாதி கிடாவிடமிருந்தும் மறுபாதி பெட்டையிடமிருந்தும் வருகின்றன. ஆனால் பெட்டை அதோடு நிற்பதில்லை. சினைக்காலத்தில் அதன் கருப்பைதான் குட்டிக்கு வீடு. ஈன்றபின் அதன் மடிதான் உணவு. கருப்பை எவ்வளவு இடமும் ஊட்டமும் தரும், மடி எவ்வளவு சுரக்கும் என்பவையும் ஓரளவு பெட்டையின் மரபணுக்களைப் பொறுத்தவை. இப்படிக் குட்டியின் வளர்ச்சியில் தாயின் மரபு இரண்டு வழியாக நுழைகிறது. இரண்டாவது வழியைத்தான் தாய்வழி மரபுத் தாக்கம் என்கிறார்கள்.

இதன் வலிமையைக் கண்ணெதிரே காட்டியது கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் இருவரும் செய்து 1938இல் வெளியிட்ட சோதனை. பிரம்மாண்டமான ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் இரு விதமாகவும் கலப்புச் செய்தார்கள். இரண்டிலும் பிறந்தவை ஒரே கலப்பு. ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. சிறிய தாய் வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சியை மட்டுப்படுத்திவிட்டது.

பிறந்தபின் பொறுப்பு மடிக்கு மாறுகிறது. ஆட்டிலும் மாட்டிலும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால்தான் ஒரே வழி. அதையும் குட்டியின் குடல் முதல் ஒரு நாளுக்குள்தான் உறிஞ்சும், அதிலும் முதல் சில மணி நேரமே மிக முக்கியம். அதன்பின் பால் மறக்கும் மூன்று மாதம் வரை குட்டியின் எடையில் தாயின் கைதான் ஓங்கியிருக்கிறது. மேயப் பழகப் பழகத் தாயின் செல்வாக்கு தேய்ந்து, ஒரு வயதில் குட்டியின் சொந்த மரபே பெரிதும் பேசுகிறது.

அப்படியானால் மூன்று மாதத்தில் கொழுகொழுவென்றிருக்கும் குட்டி நல்ல வளர்ச்சி மரபு உள்ளதா, நல்ல பால்காரிக்குப் பிறந்ததா? ஒரு குட்டியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஒரே பெட்டை வெவ்வேறு கிடாக்களுக்கு ஈன்ற குட்டிகள், ஒரே கிடாவுக்குப் பல பெட்டைகள் ஈன்ற குட்டிகள் என வம்சாவளியோடு எடைப் பதிவுகள் வேண்டும். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையைச் செய்கிறது. அகில இந்தியச் செம்மறி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், விவசாயிகளின் மந்தைகளிலேயே சென்னைச் சிவப்புக் குட்டிகளின் எடை பதிவாகிறது. தேர்ந்தெடுத்த கிடாக்கள் அவர்களுக்கு வழங்கப்படுகின்றன. தாயின் வயது, ஈன்ற பருவம், ஒற்றையா இரட்டையா என்பவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மடிநோயில் ஒரு காம்பு அடைபட்ட பெட்டையின் குட்டிகள் ஈற்றுக்கு ஈற்று மெலிந்திருக்கும். அது மரபு அல்ல. கணக்கில் அதைத் தனியே பிரிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது கிடாவின் பங்கு. பால் சுரக்காத கிடாவும் பாலுக்கான மரபணுக்களைச் சுமக்கிறது. அதன் தரம் மகள்கள் குட்டி ஈன்று, பேரக்குட்டிகள் எடை போடும்போதுதான் தெரியும். அமெரிக்க இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் கன்று ஏறத்தாழ ஏழு மாதம் தாயோடே இருப்பதால், காளைகளின் மதிப்பீட்டில் ‘பால்’ என்றே தனி மதிப்பெண் போடுகிறார்கள். பழைய சென்னை மாகாணத்து நெல்லூரின் பெயரைத் தாங்கி, நம் ஓங்கோல் மாடுகளின் வழிவந்த பிரேசிலின் நெலோர் இனத்திலும் வளர்ச்சியையும் தாய்மையையும் பிரித்தே ஆராய்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நன்றாகப் பால் குடித்துக் குட்டிப் பருவத்திலேயே கொழுத்த பெட்டையின் மடியில் சுரப்புத் திசுவுக்குப் பதில் கொழுப்பு சேர்ந்து, பின்னாளில் அதன் பால் குறையலாம். மகளைக் கொழுக்கவைப்பதே அவளைப் பால் குறைந்த தாயாக்கிவிடக்கூடும்.

நம் மந்தைகளில் பெரிய இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. வேகமாக எடை கூடும் ஆண் குட்டிதான் முதலில் விலை போகிறது. பின்தங்கியது மந்தையில் தங்கிக் கிடாவாகிறது. பணத் தேவை புரிகிறது. ஆனாலும் ஆடு வளர்ப்போர் ஒன்று செய்யலாம்: ஈற்றுக்கு ஈற்று குட்டியைத் தேற்றிக் காட்டும் பெட்டைகளைக் குறித்து வையுங்கள், அவற்றின் ஆண் குட்டிகளில் சிறந்த ஒன்றையாவது வியாபாரிக்குக் கொடுக்காமல் கிடாவுக்கு நிறுத்துங்கள். சொந்த மகள்களோடு சேராதிருக்க, அதைப் பக்கத்து ஊர் மந்தையோடு மாற்றிக்கொள்ளுங்கள்.