காலை உணவுடன் புரதப் பொடி: வாங்கும் முன் அறிய வேண்டியவை

எங்கள் சிறுநீரகவியல் புறநோயாளர் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வருவோரின் பையில், மருந்துச் சீட்டுடன் ஒரு புரதப் பொடி டப்பாவும் இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "அப்பா மிகவும் மெலிந்துவிட்டார், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. இதைப் பாலில் கலந்து கொடுக்கலாமா டாக்டர்?" என்று உடன் வந்த மகளோ மருமகளோ கேட்கிறார்.

அண்மையில் ஒரே நாள் காலையில் இரு குடும்பத்தினர் ஒரே வகை டப்பாவைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டனர். ஒருவரிடம் "தாராளமாகக் கொடுங்கள்" என்றோம். மற்றவரிடம் "இன்றே நிறுத்திவிடுங்கள்" என்றோம். முன்னவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். பின்னவரின் சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் செயல்திறனை இழந்துள்ளன. ஆனால் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கப்படவில்லை. "அவருக்கு நல்லது, எங்களுக்கு மட்டும் ஏன் கெடுதல்?" என்று அந்தக் குடும்பத்தினர் வருத்தத்துடன் கேட்டனர். அவர்களுக்குச் சொன்ன விடையையே இங்குச் சற்று விரிவாகத் தருகிறோம்.

புரதம் உடலில் என்ன ஆகிறது?

தசைகளைக் கட்டமைக்கவும், புண்கள் ஆறவும், நோய்த்தொற்றை எதிர்க்கவும் புரதம் இன்றியமையாதது. மாவுச்சத்தும் கொழுப்பும் உடலில் எரிந்தபின் கரியமில வாயுவும் நீருமே எஞ்சுகின்றன. புரதம் சிதையும்போது அவற்றுடன் யூரியா போன்ற கழிவுகளும் உண்டாகின்றன. இக்கழிவுகளை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. புரதம் மிகுந்தால் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் அழுத்தமும் மிகுகிறது. நலமான சிறுநீரகம் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வடிகட்டிகளில் பல ஏற்கெனவே பழுதடைந்திருந்தால், எஞ்சியவை கூடுதல் சுமையைச் சுமந்து விரைவில் தளர்ந்துவிடும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் நிலை வேறு. அவருடைய கழிவுகளை இயந்திரம் அகற்றுகிறது. ஆனால் கழிவுகளோடு சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் நாள்தோறும் 5 முதல் 10 கிராம் வரை புரதத்தை இழக்கக்கூடும். அந்த இழப்பை உணவால் ஈடுகட்டாவிட்டால் தசை கரையும். தொற்றுகள் எளிதில் பற்றும்.

உங்களுக்கு எவ்வளவு தேவை?

ஆகவே எந்தப் பொடி என்று கேட்பதற்கு முன், எவ்வளவு புரதம் தேவை என்று கேட்க வேண்டும். நலமான வளர்ந்தவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்தன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம்.

நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றி, டயாலிசிஸ் தொடங்காத நிலையில் இருப்பவருக்கு, கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை போதும் என்கிறோம். 60 கிலோ எடைக்கு இது 36 முதல் 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கியபின் தேவை 1.0 முதல் 1.2 கிராமாக, அதாவது நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராமாக உயர்கிறது. சிறுநீரகம் நன்றாக இயங்கும் முதியோருக்கும், அறுவை சிகிச்சையிலிருந்தோ நீண்ட நோயிலிருந்தோ தேறி வருவோருக்கும் 1.0 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படலாம். கால் வீக்கம் உள்ளவர்கள் நீர் வடிந்தபின் உள்ள எடையைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் பல பொடிகளில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. நாம் முதலில் கூறிய இரண்டாமவருக்கு அது ஒரு நாள் முழுவதற்குமான அளவில் பாதி. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ அது குறையை நிரப்பும் ஒரு பகுதி.

இங்கு இரண்டு தவறுகளை அடிக்கடி காண்கிறோம். முதலாவது, "சிறுநீரில் புரதம் போகிறது, ஆகவே அதிகப் புரதம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும்" என்னும் எண்ணம். ஓட்டையுள்ள குடத்தில் மேலும் நீரை ஊற்றுவது போன்றது இது. புரதத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கசிவு கூடுமேயன்றிக் குறையாது. கசிவைக் குறைப்பவை மருந்துகளும், இரத்த அழுத்தக் கட்டுப்பாடும், உப்பைக் குறைத்தலுமே. இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. டயாலிசிஸ் தொடங்கிப் பல மாதங்கள் ஆன பின்னும், முன்பு நாங்களே எழுதிக் கொடுத்த "பருப்பு குறைக்கவும், முட்டை வேண்டாம்" என்ற தாள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். குடும்பத்தினர் அதையே உண்மையான அக்கறையோடு கடைப்பிடித்து வருவார்கள். நோயாளரோ மெலிந்துகொண்டே போவார். டயாலிசிஸ் தொடங்கிய நாளிலேயே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, எங்களிடம் புதியதைக் கேட்டுப் பெறுங்கள்.

நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், தமக்குச் சிறுநீரக நோய் இல்லை என்று நம்பிப் பொடியைத் தொடங்கிவிடக் கூடாது. ஆரம்ப நிலையில் இந்நோய் எந்த அறிகுறியையும் காட்டாது. இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய இரண்டையும் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

காலை உணவில் உள்ள குறை எவ்வளவு?

இரண்டு இட்லியில் சுமார் 4 கிராம், ஒரு சிறு கிண்ணம் சாம்பாரில் 2 அல்லது 3 கிராம், 100 மில்லி பால் சேர்த்த காப்பியில் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காலையில் 20 கிராம் புரதம் வேண்டியவருக்குக் குறைவது 10 கிராமே. அதை நிரப்பப் பொடிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் உள்ளது. 100 கிராம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 முதல் 9 கிராம், 30 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 6 கிராம் உள்ளன. முட்டையின் வெள்ளைக்கருவில் மட்டும் சுமார் 3.5 கிராம் புரதம் இருக்கிறது. பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆகவே டயாலிசிஸ் நோயாளருக்கு அது மிகவும் உகந்தது. பயறு, கடலை வகைகளில் பொட்டாசியமும் இருப்பதால், அவர்கள் அவற்றின் அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

உடற்கட்டுக்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. ஆயினும் பசியே இல்லாதவர், மெல்ல இயலாதவர், முட்டை உண்ணாதவர், அறுவை சிகிச்சைக்குப் பின் சிறிதளவே உண்ண முடிந்தவர் ஆகியோருக்குப் பொடி உண்மையில் கைகொடுக்கும்.

எந்த வகைப் பொடி?

பால் திரிந்தபின் பன்னீரை வடிகட்டினால் கிடைக்கும் தெளிந்த நீரில் உள்ளதே 'வே' புரதம். இதில் செறிவூட்டிய வகையும், மேலும் தூய்மைப்படுத்திய 'ஐசோலேட்' வகையும் உண்டு. பால் குடித்தால் வயிறு உப்பிப் போவோருக்கு, லாக்டோஸ் குறைவாக உள்ள ஐசோலேட் ஒத்துக்கொள்ளக்கூடும். பால் பொருள்களைத் தவிர்ப்போருக்குச் சோயா, பட்டாணிப் புரதங்கள் உள்ளன. இவற்றில் சோயாவின் தரம் பாலுக்கு நெருங்கியது. பட்டாணியில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அரிசி உணவோடு சேரும்போது அக்குறை நிரம்பிவிடும். சோயாவோ பாலோ ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

மால்ட் சேர்த்த பானப் பொடிகள் புரதப் பொடிகள் அல்ல. அவற்றில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையுமே. எடை கூட்டும் பொடிகளும் அவ்வாறே. நீரிழிவு உள்ளவருக்கு இவை ஆகா.

சிறுநீரக நோயாளருக்கென்றே தயாரிக்கப்படும் பொடிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று டயாலிசிஸ் தொடங்காதவருக்கான, புரதம் குறைந்த வகை. மற்றொன்று டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கான, புரதம் மிகுந்த வகை. பெயரின் கடைசி ஓரிரு எழுத்துகள் மட்டுமே வேறுபடுவதால், மருந்துக் கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தந்துவிட நேர்கிறது. சீட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்

முன்புறத்தில் இருப்பது விளம்பரம். பின்புறத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை இவை:

1. ஒரு கரண்டி எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம். 100 கிராமுக்கான எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்.
2. சேர்க்கப்பட்ட சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவற்றின் அளவு.
3. சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ். சேர்பொருள்களில் 'பாஸ்பேட்' என்ற சொல் இருந்தால் டயாலிசிஸ் நோயாளர்கள் தவிர்க்க வேண்டும். பயறுகளில் இயல்பாக உள்ள பாஸ்பரஸைவிட, செயற்கையாகச் சேர்த்த பாஸ்பேட் மிக எளிதில் இரத்தத்தில் கலக்கும்.
4. கிரியேட்டின். இது சேர்ந்த பொடியை உட்கொண்டால், சிறுநீரகம் கெடாத நிலையிலும் கிரியேட்டினின் அளவு உயர்ந்து காட்டக்கூடும். நோயாளரும் மருத்துவரும் வீணே கலங்க நேரும்.
5. மூலிகைச் சாறுகள். எங்கள் நோயாளர்களுக்கு இவை சேர்ந்த பொடிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.
6. எப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், காலாவதி நாளும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் எச்சரிக்கை தேவை. வழக்கமான ஆய்வகச் சோதனை நைட்ரஜனை அளந்தே புரதத்தைக் கணக்கிடுகிறது. எனவே நைட்ரஜன் உள்ள மலிவான பொருளைக் கலந்து எண்ணை உயர்த்திக் காட்ட முடியும். 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பொடியில் மெலமைன் கலக்கப்பட்டது இவ்வாறுதான். ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகக் கற்கள் உண்டாயின. 6 குழந்தைகள் இறந்தன. 2024இல் கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் குழுவினர் இந்தியச் சந்தையிலுள்ள 36 புரதப் பொடிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு அச்சிட்டபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. ஆகவே சில்லறையாக அளந்து விற்கும் பொடியையும், உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் பொடியையும் நோயாளருக்குக் கொடுக்காதீர்கள்.

காலை மாத்திரைகளும் பொடியும்

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சோயாவும் பால் பொருள்களும் அது உடலில் சேர்வதைத் தடுப்பதால், பொடியைக் காலையில் தவிர்த்து மாலைக்கு மாற்றுவது நலம். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மருந்தோடு புரதம் போட்டியிடும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் மருந்தின் பயன் குறையும். வார்ஃபரின் உட்கொள்வோர் வைட்டமின் கே சேர்ந்த பொடியைத் தம் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எப்படிக் கலப்பது?

முதல் வாரம் அரைக் கரண்டியில் தொடங்குங்கள். 'வே' புரதத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் கட்டிதட்டும், வெதுவெதுப்பானதில் கலக்கவும். தோசை மாவிலோ சத்துமாவுக் கஞ்சியிலோ சேர்க்கலாம். சூட்டினால் புரதத்தின் பயன் பெரிதும் குறைந்துவிடாது. பாலில் கலந்தால், 200 மில்லி பாலிலுள்ள 6 கிராம் புரதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீர் அளவு வரையறுக்கப்பட்ட டயாலிசிஸ் நோயாளருக்குப் பொடி கலக்கும் நீரும் அன்றைய அளவில் அடங்கும். ஆகவே அவர்களுக்குத் தோசை மாவிலோ கெட்டிக் கஞ்சியிலோ கலந்து கொடுப்பதே மேல்.

பொடி தொடங்கியபின் குமட்டல், பசியின்மை, அசதி, கால் வீக்கம், சிறுநீரில் நுரை ஆகியவை புதிதாகத் தோன்றினாலோ மிகுந்தாலோ, அதை நிறுத்திவிட்டு உடனே எங்களிடம் வாருங்கள்.

முதலில் கூறிய இரண்டாமவரின் குடும்பத்தினர், வாங்கிய டப்பா வீணாகிவிடுமே என்று தயங்கினர். வீட்டில் வேறு யாருக்கேனும் சிறுநீரக நோய் இல்லாமல் தேவையும் இருந்தால் அவர் பயன்படுத்தட்டும் என்றோம். அப்பாவுக்குப் புரதத்தைக் கூட்டாமலே போதிய சக்தி கிடைப்பதற்கு, இட்லிக்கு நல்லெண்ணெயும் காலைக் கஞ்சிக்குச் சிறிது நெய்யும் சேர்க்குமாறு உணவியல் வல்லுநர் எழுதிக் கொடுத்தார். அவர் மெலிந்ததற்குக் காரணம் புரதக் குறைவு அன்று. மொத்த உணவே குறைந்துபோனதுதான்.

அடுத்த முறை வரும்போது நீங்களும் வீட்டிலுள்ள டப்பாவையோ, அதன் பின்புறத்தின் புகைப்படத்தையோ கொண்டு வாருங்கள். இன்னும் வாங்கவில்லையெனில், வாங்கும் முன்பே எங்களைக் கேளுங்கள்.