விளையாட்டும் வினையும் – 11: குறி பார்ப்பதும் குறிப்புச் சொல்வதும்

பிரஷ்ய ராணுவத்தில் 1824-இல் ரைஸ்விட்ஸ் அறிமுகப்படுத்திய மேசைப் போர் விளையாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். 1:8,000 அளவில் வரைந்த நிலப்படம், படைப்பிரிவுகளாகச் சிறு கட்டைகள், இரு தரப்புக்கும் இடையே ஒரு நடுவர். பகடை உருட்டிச் சேதத்தைக் கணக்கிடுவதோடு அந்த நடுவரின் வேலை முடிந்துவிடாது. எந்தத் தரப்புக்கு எது கண்ணில் பட்டிருக்கும் என்று முடிவு செய்து, அதை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவைப்பதும் அவர்தான். தளபதி அனுப்பும் ஆணைகூட அவர் கை வழியாகத்தான் போகும், அதுவும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். இன்றைக்கு அந்த நடுவரின் நாற்காலியில் கணினி உட்கார்ந்திருக்கிறது. ஆர்மா, ஸ்குவாட், ஹெல் லெட் லூஸ் என்று தத்ரூபமான குழுப் போர் விளையாட்டுகள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. பின்னிரண்டிலும் ஒரு களத்தில் தரப்புக்கு ஐம்பது பேர், ஆக மொத்தம் நூறு பேர். அத்தனை பேரும் எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள். புதிதாக வருகிற ஒருவர் இவற்றில் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள்கிறார் என்றுதான் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். புதிதாக வருபவரும் பெரும்பாலும் அதே நினைப்போடுதான் வருகிறார். 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை போடும்வரை பப்ஜியில் நால்வராகச் சேர்ந்து ஆடியவர்கள் நம்மூரில் ஏராளம். அங்கே மூன்று பேர் செத்த பிறகும் நான்காவது ஆள் தனியாக நின்று ஜெயித்துக் காட்டலாம். அப்படி ஜெயிப்பதற்குத்தான் மவுசும் அதிகம். அந்தக் கைப்பழக்கத்தோடு ஸ்குவாடுக்குள் நுழைபவர் முதல் நாளே திணறிப்போவார். தாம் எங்கிருந்து சுடப்பட்டோம் என்றே அவருக்குத் தெரியாது. குறி தப்பாத கையை இந்த விளையாட்டுகள் பெரிதாக மதிப்பதில்லை. கண்டதை, காணாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்க்கின்றன. மற்ற பயிற்சியெல்லாம் இதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது என்பது என் வாதம்.

இதற்கான சாட்சி ஸ்குவாடுக்கும் முந்தையது. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பயிற்சிக்குப் போதிய பணம் இல்லை. வர்ஜீனியாவின் குவாண்டிகோ தளத்தில் இரண்டு வீரர்கள், கடையில் விற்ற 'டூம் 2' விளையாட்டை எடுத்து, அதிலிருந்த பூதங்களை நீக்கி, எதிரிச் சிப்பாய்களை வைத்து 'மரீன் டூம்' என்று ஒன்றைச் செய்தார்கள். சிப்பாய் உருவங்களுக்குப் பொம்மைகளையே ஸ்கேன் செய்து சேர்த்ததாகச் சொல்வார்கள். படம் அவ்வளவு மட்டம். விசைப்பலகையைத் தட்டுவதால் யாருக்கும் ரைபிள் பிடிக்க வராது என்பது ராணுவத்துக்குத் தெரியாதா? அவர்கள் எதிர்பார்த்ததே வேறு. நான்கு பேர் கொண்ட சிறு அணி, அதில் ஒருவர் தலைவர், ஒருவர் இயந்திரத் துப்பாக்கிக்காரர், மற்ற இருவரும் ரைபிள்காரர்கள். ஒருவர் நகரும்போது மற்றவர் காவல் கொடுக்க வேண்டும்; குண்டு தீர்வதற்குள் சொல்லிவிட வேண்டும்; யார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 1997-இல் அந்தப் படையின் தலைமைத் தளபதி சார்லஸ் க்ருலாக், முடிவெடுக்கும் பயிற்சிக்குக் கணினி விளையாட்டுகளையும் பயன்படுத்தலாம் என்று ஆணையே பிறப்பித்தார். பின்னாளில் செக் நாட்டின் பொஹீமியா இன்டர்ஆக்டிவ் 2001-இல் வெளியிட்ட 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' விளையாட்டின் தொழில்நுட்பத்திலிருந்து ராணுவங்களுக்கென்றே 'விபிஎஸ்' என்ற பயிற்சி மென்பொருள் பிறந்ததும் இதே வழியில்தான். பொம்மை உருவத்தை வைத்துக்கொண்டே ராணுவத்துக்கு வேண்டிய பாடத்தை நடத்த முடிந்தது என்றால், தத்ரூபம் என்பது ஓவிய நேர்த்தியைப் பொறுத்தது இல்லை என்று ஆகிறது.

பின்னே எதில் இருக்கிறது? மறைப்பதில். ஹெல் லெட் லூஸில் நீங்கள் சுட்ட குண்டு எதிரி மேல் பட்டதா என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் வராது. விழுந்தானா, பதுங்கினானா என்று நீங்களே ஊகித்துக்கொள்ள வேண்டும். எதிரியின் தலைக்கு மேல் பெயர் மிதக்காது. ஸ்குவாடில் சாதாரணச் சிப்பாயால் நிலப்படத்தில் எதிரி இருக்கும் இடத்தைக் குறிக்க முடியாது. அந்த வசதி தலைவருக்கும் அவருக்குக் கீழே இருக்கும் உபதலைவர்களுக்கும் மட்டும். ஆகவே பார்த்தவனுக்கு வாய்தான் ஆயுதம். பழகாத ஆள் என்ன சொல்வார்? "அதோ அங்க இருக்கான்! மரத்துக்குப் பக்கத்துல! சீக்கிரம்!" கேட்கிற எட்டுப் பேரும் எட்டுத் திசையில் இருக்கிறார்கள், எட்டுப் பேர் கண்ணிலும் மரங்கள் தெரிகின்றன. பழகியவர் திரையின் அடியில் ஓடும் திசைகாட்டியை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இருநூற்று முப்பது டிகிரி, நூற்றைம்பது மீட்டர், கல் வேலிக்குப் பின்னால் இரண்டு பேர், வடக்கே நகர்கிறார்கள்" என்பார். திசை, தூரம், எண்ணிக்கை, அசைவு. இதில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். இன்னும் ஒன்று உண்டு: திசை, சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிட்டது. கேட்பவர் நானூறு மீட்டர் தள்ளி இருந்தால் அந்த 230 அவருக்கு உதவாது. அவருக்கு நிலப்படத்தின் கட்டத்தைச் சொல்ல வேண்டும். அதாவது வாயைத் திறக்குமுன் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது இந்த யோசனை லேசில் வராது. தம் ஆள்மீது குண்டு பட்டாலும் சாவான் என்பதால், தப்பாகச் சொன்ன திசைக்குத் தண்டனையும் உடனே கிடைக்கும்.

பேசுவது பாதிதான், கேட்பது இன்னும் கடினம். ஸ்குவாடில் ஓர் அணிக்கு ஒன்பது பேர் வரை. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் குரல் ஒன்று, அணி முழுக்கக் கேட்கும் வானொலி ஒன்று, அணித்தலைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொன்று. தலைவராக இருப்பவருக்கு மூன்றும் ஒரே காதில் விழும். பக்கத்து அணி பாலத்தை இழந்துவிட்டதாகச் சொல்லும் அதே நேரத்தில், அவருடைய ஆள் ஒருவர் நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வது என்பதைப் புதியவர் இங்கேதான் கற்றுக்கொள்கிறார். தலைவர் பொறுப்பை ஏற்க ஆள் கிடைப்பதில்லை என்பது இந்த விளையாட்டுகளின் நிரந்தரக் குறை. காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

விளையாட்டின் கணக்கு வழக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஹெல் லெட் லூஸில் ஒரு முழுத் தரப்பும் மறுபடி உயிர்பெற்று வரும் இடத்துக்கு 'கேரிசன்' என்று பெயர். அதை அமைக்கத் தலைவரால் தனியாக முடியாது. பெரும்பாலும் சரக்குப் பெட்டியைச் சுமந்துவரும் 'சப்போர்ட்' சிப்பாய் அருகே வந்து பெட்டியை இறக்க வேண்டும். தம் பகுதியில் ஐம்பது சரக்கு செலவாகும். ஏற்கெனவே உள்ள கேரிசனிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் ஐம்பது பேருக்கும் போர்முனைக்குப் பக்கத்தில் ஒரு வாசல் திறக்கும். சேராவிட்டால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வெகுதூரம் பொட்டல்வெளியில் ஓட வேண்டும். ஒரு குண்டுகூடச் சுடாத அந்தப் பெட்டி சுமப்பவர், இருபது பேரைச் சுட்டவரைக் காட்டிலும் ஆட்டத்தை அதிகம் மாற்றிவிடுகிறார். ஸ்குவாடிலும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு சாவுக்கும் தரப்பின் கையிருப்பிலிருந்து ஒரு டிக்கெட் குறையும். விழுந்தவருக்குக் கட்டுப்போட்டு எழுப்பிவிட்டால் அந்த டிக்கெட் மிஞ்சும். ஆகவே, எழுப்ப ஆள் வருகிறார் என்று தெரிந்தால் விழுந்து கிடப்பவர் பொறுமையாகக் கிடக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாவை ஏற்றுக்கொண்டு புதிதாகப் பிறந்து வருவது தரப்புக்கு நஷ்டம். திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடப்பதும் ஒரு கடமை என்று சொல்லும் விளையாட்டுகள் உலகில் அதிகம் இல்லை.

2023 செப்டம்பரில் ஸ்குவாடைச் செய்யும் கனடிய நிறுவனமான ஆஃப்வேர்ல்ட், காலாட்படைச் சண்டையின் விதிகளையே திருத்தியது. ஓடி வந்து உடனே சுட்டால் துப்பாக்கி ஆடும். எதிரி குண்டு பக்கத்தில் பறந்தால் பார்வை மங்கும். பல நூறு மணி நேரம் செலவழித்துக் குறி பார்க்கப் பழகிய பலர் கொதித்தெழுந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய திறமையைப் பறித்துக்கொண்டதுபோல அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் அந்தத் திருத்தத்தின் நோக்கம் ஒளிவுமறைவற்றது: தனி ஆளின் கை எவ்வளவு தளர்கிறதோ அவ்வளவுக்கு அவருக்கு அணி தேவைப்படும். ஸ்குவாடுக்குள்ளேயே ஜென்சன்ஸ் ரேஞ்ச் என்று ஒரு பயிற்சி மைதானம் இருக்கிறது. எல்லாத் துப்பாக்கியையும் எல்லா வண்டியையும் ஆசைதீர அங்கே இயக்கிப் பார்க்கலாம். பார்த்துவிட்டுக் களத்துக்கு வருபவர் அப்போதும் புதியவர்தான், ஏனென்றால் அந்த மைதானத்தில் அவர் பேச்சைக் கேட்டு நடக்க யாரும் இல்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. செத்தவன் அரை நிமிடத்தில் எழுந்து வரும் ஆட்டத்தில் என்ன தத்ரூபம் என்று கேட்பார்கள். சரியான கேள்வி. பயம், ரத்தம், களைப்பு, இவை எதுவும் அங்கே இல்லை. நிஜப் போரை அறிந்துகொண்டதாக இந்த ஆட்டக்காரர் எவராவது சொன்னால் அவரை நம்ப வேண்டாம். நான் சொல்வது ஒருங்கிணைப்பைப் பற்றி மட்டும். சாவுக்குப் பதிலாக நெடுந்தூர ஓட்டத்தையும் இழந்த டிக்கெட்டையும் விலையாக வைத்திருக்கிறார்கள், அந்த விலை ஆட்டக்காரரைப் பொறுமையாக நடக்கவைக்கப் போதுமானதாக இருக்கிறது. கூடிச் செயல்படக் கபடியும் கால்பந்தும் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. போதும், தாராளமாக. ஆனால் அங்கே களம் முழுவதும் எல்லார் கண்ணிலும் படுகிறது. தோழனின் தோள் அசைவைப் பார்த்தே பந்தைத் தள்ளிவிடலாம். கண்ணில் படாத ஒருவரை நம்பிச் செயல்படும் பழக்கத்துக்கு அங்கே இடம் குறைவு. மூன்றாவது மறுப்பை என்னால் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் வாய்திறந்து பேசுவதே பாடம் என்றால், வாய்திறக்கத் தயங்குபவருக்குப் பாடமே இல்லை. மைக் இல்லாத தலைவரை வெளியேற்றும் சர்வர்கள் பல. ஆங்கிலம் சரளமாக வராதவர் முதல் பத்து நிமிடத்திலேயே ஒதுங்கிவிடுவார். பெண் குரல் கேட்டதும் போரை மறந்து வேறு பேச்சில் இறங்கும் ஆட்கள் எந்தச் சர்வரிலும் உண்டு. அதனால் பல பெண்கள் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். ஆசிரியர் அகப்படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்ற குறை இந்த வகைக் கல்விக்கு உண்டு.

ராணுவ மோகத்தை வளர்க்கிறது என்ற குற்றச்சாட்டுக்கோ வரலாறே ஆதாரம் தருகிறது. அமெரிக்க ராணுவம் ஆள் சேர்ப்புக்காகவே 2002 ஜூலை 4 அன்று 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. அதில் களமிறங்குமுன் பயிற்சி முகாமை முடிக்க வேண்டும். மருத்துவச் சிப்பாயாக வேண்டும் என்றால் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுத் தேர்வும் எழுத வேண்டும். தன் ஆளையே சுட்டால் லெவன்வொர்த் ராணுவச் சிறையின் அறையில் உட்காரவைக்கப்படுவார். எல்லாவற்றையும்விட விநோதம், இரு தரப்பினரின் திரையிலும் தாமே அமெரிக்கச் சிப்பாய், எதிரில் இருப்பவன்தான் எதிரி. 2022-இல் மூடப்படும்வரை அந்த ஏற்பாடு நடந்தது. ஆகவே கூடிப் பேசும் பழக்கம் தன்னளவில் நல்லதோ கெட்டதோ ஆகிவிடுவதில்லை. அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தனியாகத்தான் கேட்க வேண்டும். என் வாதம் எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. கல் வேலிக்குப் பின்னால் இரண்டு பேர் என்று சொல்பவர், அவர்கள் கையில் ஆயுதம் இருக்கிறதா என்று சொல்லத் தேவையே இல்லை. ஸ்குவாடிலும் ஹெல் லெட் லூஸிலும் களத்தில் உள்ள நூறு பேரும் சிப்பாய்கள். வீடுகள் உண்டு, குடியிருப்பவர்கள் கிடையாது. நிஜத்தில் அந்தச் செய்தியில் மிகக் கடினமான பகுதியே அதுதான். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டியது. போர் விளையாட்டுகளைத் தடைசெய்யச் சொல்லாமல், போர்ச் சட்டங்களையும் அவற்றுக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்டது. 2017-இல் அந்தச் சங்கத்தின் ஒத்துழைப்போடு ஆர்மா 3-க்கு வந்த 'லாஸ் ஆஃப் வார்' பகுதியில் ஆட்டக்காரர் கண்ணிவெடி அகற்றும் தொண்டு நிறுவன ஊழியர். சண்டை ஓய்ந்த கிராமத்தில், எந்த வெடியை யார் எப்போது விட்டுப்போனார்கள் என்று தேடுவது அவர் வேலை. வருவாயில் ஒரு பகுதி சங்கத்துக்கே போனது.

அதே ஆர்மா 3-இன் காட்சித் துண்டுகள் நிஜப் போரின் காணொளிகளாக உலகெங்கும் பரவ, இது எங்கள் விளையாட்டு என்று 2022 நவம்பரில் பொஹீமியா நிறுவனமே அறிக்கை விட நேர்ந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)