சக்கரத்தை மாற்றலாமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி எழுதியது)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் அக்கா. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அம்மா. வழக்கின் பொருள் ஒரு மிதிவண்டியின் இரண்டு சக்கரங்கள். நடுவில் புகுந்து கணக்குப் போட்டவள் நான். அந்தக் கணக்கையே இங்கு எழுதுகிறேன்.

என் அக்கா செங்கற்பட்டில் கல்லூரியில் படிக்கிறாள். கைப்பிடி வளைந்த ரேஸ் சைக்கிள் ஒன்றை, ஒருவர் ஓட்டிய பிறகு விற்றதை, வாங்கி வைத்திருக்கிறாள். விடியற்காலையில் படாளம் கூட்டுரோட்டிலிருந்து வேடந்தாங்கல் சாலையில் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் தோழியர் இருவருடன் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை போவதும் உண்டு. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையிலிருந்து வருகிற ஓட்டக்காரர்களைப் பார்த்துவிட்டாள். அவர்களில் சிலருடைய வண்டியில் ரிம் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்பாக இருக்குமாம். கடந்து போகும்போது ‘உஸ்ஸ்’ என்று ஓசை எழுமாம். டீக்கடையில் நின்ற ஒருவர், “சக்கரத்தை மட்டும் மாற்றிப் பாரம்மா, வண்டி பறக்கும்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

அந்தக் கார்பன் சக்கரங்களின் விலை, அவளுடைய முழு வண்டியின் விலையைப் போல இரண்டு மடங்கு. அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். ஆலை அரைவை நடக்கும் மாதங்களில்தான் எங்கள் வீட்டில் பணம் புழங்கும். அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து தம்முடைய கல் தோட்டை எடுத்தார். “அடகு வைத்தால் போச்சு, கண்ணு. அரைவை தொடங்கினால் மீட்டுக்கொள்ளலாம்” என்றார். நான் மிகவும் நல்லவள் என்று நீங்கள் எண்ணிவிட வேண்டாம். அந்தத் தோடு ஒருநாள் எனக்கு வரும் என்று பாட்டி சொல்லியிருந்தார். ஆகவேதான் எனக்குச் சுறுசுறுப்பு வந்தது.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் போய் முறையிட்டேன். அவர்கள் சிரித்தபடி, “முதலில் கணக்குப் போடு. கருத்து பிறகு சொல்லலாம்” என்றார்கள்.

முதலில் எடையைப் பார்த்தேன். சாதாரண ரோடு சைக்கிளுடன் வரும் அலுமினியச் சக்கரங்கள், டயர் இல்லாமல், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். கார்பன் சக்கரங்கள் ஏறக்குறைய 1½ கிலோ. மிச்சம் அரைக் கிலோ. சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை வண்டியோடு சேர்ந்து முன்னே போவதோடு, அதே வேகத்தில் சுற்றவும் வேண்டும். ஆகவே வேகம் எடுக்கும்போது அதற்கு இரண்டு மடங்கு ஆற்றல் தேவை. பத்தாம் வகுப்பில் நாம் நிலைமம் பற்றிப் படிக்கிறோம் அல்லவா, அதுதான் இங்கே வேலை செய்கிறது. சரி, அரைக் கிலோவை ஒரு கிலோவாகவே வைத்துக்கொள்வோம். அக்காவும் வண்டியும் சேர்ந்து 60 கிலோ. அறுபதில் ஒன்று! நின்ற நிலையிலிருந்து 30 கி.மீ. வேகத்தைத் தொட 6 நொடி ஆனால், புதுச் சக்கரத்தில் 5.9 நொடி ஆகும். ஒரே சீரான வேகத்தில் போகும்போது அந்த லாபமும் இல்லை.

மலை ஏறும்போது? அதற்கும் கணக்குப் போட்டேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற வேண்டும். அரைக் கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க 5,880 ஜூல் ஆற்றல் வேண்டும். ஓட்டுபவர் 150 வாட் திறனுடன் மிதித்தால், மிச்சமாவது ஏறக்குறைய 39 நொடி. மலைப் பந்தயத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனால் நம் படாளத்தில் மலை எங்கே இருக்கிறது? பாலாற்றுப் பாலத்துக்கு ஏறுவதுதான் எங்களுக்கு ஏற்றம்.

இதைக் காட்டியபோது அக்கா முகத்தைச் சுளித்தாள். “எடைக்காக இல்லை. காற்றுக்காக” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குக் காற்றே முதல் பகைவன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். உயரமான ரிம் காற்றை ஒழுங்காக வழுக்கிப் போகவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்த எதிர்ப்பில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்பினுடையது. சக்கரத்தின் பங்கு சிறியது. அதில் மிச்சப்படுவது இன்னும் சிறியது. முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டினால் காசில்லாமலே அதைவிட அதிகம் கிடைக்கும். 40 கி.மீ. வேகத்தில் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் வீரருக்கு உயரமான ரிம் தேவைதான். அவர் தோற்பதும் வெல்வதும் நொடிக் கணக்கில்.

இன்னொன்றும் உண்டு. இதை அக்காவே பிறகு ஒப்புக்கொண்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து கிளம்பும். அதாவது காற்று எதிரே வராமல் பக்கவாட்டில் வந்து மோதும். உயரமான ரிம் அப்போது பாய்மரம்போல் ஆகிவிடும். முன்சக்கரத்தில் மோதும் காற்று கைப்பிடியையே திருப்பப் பார்க்கும். எடை குறைந்த பெண்களுக்கு இது கூடுதல் தொல்லை. பக்கத்தில் பேருந்து வரும் சாலையில் வண்டி ஓர் அடி விலகினாலும் விபரீதம் அல்லவா?

அப்படியானால் வண்டியை விரைவாக்க ஏதும் இல்லையா? இருக்கிறது, டயர்! 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிப் பார்த்தார். அன்று அவர் கண்டது இன்றும் மாறவில்லை. டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்குகிறது, பிறகு விரிகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. தடித்து விறைத்த டயரில் இந்த இழப்பு அதிகம். மெல்லிய, வளைந்து கொடுக்கும் டயரில் குறைவு. நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் இந்த எதிர்ப்பில் இரண்டு மடங்கு வேறுபாடுகூட இருக்கலாம்.

இதை நாங்களே சோதித்துப் பார்த்தோம். ஏரிக்கரைச் சரிவில் ஒரு கோடு போட்டு, அக்கா மிதிக்காமல் வண்டியை உருளவிட்டாள். வண்டி நின்ற இடத்தில் நான் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தோம். முதலில் அவளுடைய பழைய டயர். பிறகு அவள் தோழியிடம் இரவல் வாங்கிய, நல்ல டயர் போட்ட சக்கரங்கள். அவையும் அலுமினியமே, எடையும் அக்காவின் சக்கரங்களைப் போலத்தான். இருந்தும் வண்டி என் காலடியில் பதினோரு அடி தூரம் கூடுதலாக உருண்டது. மூன்றாவதாக, பழைய டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தோம். அது மிகவும் முன்னதாகவே நின்றுவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், “வெயில்ல இதென்ன வெளையாட்டு?” என்று கேட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் புது டயர் வாங்கச் செங்கற்பட்டில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனபோது வேறொன்று வெளிப்பட்டது. அந்தக் கடைக்காரர் வயதானவர். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, “டயரை அப்புறம் பார்க்கலாம். ரிம்மைத் தொட்டுப் பாரு பாப்பா” என்றார். பிரேக் கட்டை உரசும் பக்கச்சுவரில் விரலை வைத்தேன். சட்டியின் உட்புறம்போல் குழிந்திருந்தது! அதன்மேல் ஓர் இரும்பு அளவுகோலைச் செங்குத்தாக வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

மழைக்காலத்தில் சாலை மணல் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது உப்புத்தாளைப்போல் அலுமினியத்தைத் தேய்க்கும். சுவர் மெலிந்துகொண்டே வரும். உள்ளே 90 பவுண்டு காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது சுவர் பிளந்துவிடலாம். பல ரிம்களில் இதற்கென்றே ஒரு சிறு பள்ளமோ புள்ளியோ வைத்திருப்பார்கள்; அது தேய்ந்து மறைந்தால் ரிம்மை மாற்றியாக வேண்டும். அக்காவின் பின்சக்கரத்தில் அது இன்னும் தெரிந்தது. முன்சக்கரத்தில் இல்லை. பாலாற்றுப் பாலத்திலிருந்து கரும்பு லாரிகளுக்கு நடுவே அவள் இறங்கி வருவதை நினைத்தேன். அதுவரை பேசிக்கொண்டே இருந்த அக்காவும் பேசவில்லை.

ஆகச் சக்கரத்தை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நாங்கள் வழக்காடிய காரணத்துக்காக அன்று.

கடைக்காரர் பழைய ஹப்பை வைத்துக்கொண்டு, புது அலுமினிய ரிம்மும் புதுக் கம்பிகளும் போட்டுக் கட்டினார். அன்று கற்றது ஒன்று. மாட்டுவண்டிச் சக்கரம் கீழே உள்ள ஆரக்காலின்மேல் ஊன்றி நிற்கிறது. மிதிவண்டிச் சக்கரம் அப்படியன்று. இந்த மெல்லிய கம்பியைத் தள்ளினால் வளைந்துவிடும். அதனால் இழுக்க மட்டுமே முடியும். எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இறுக்கி வைத்திருப்பார்கள். எடை ஏறும்போது கீழே இருக்கும் கம்பியின் இறுக்கம் சற்றே குறையும். சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பிக்கும் இப்படி முறை வரும். இறுக்கம் போதாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, மறுபடி விறைத்து, கடைசியில் கழுத்தில் அறுந்துவிடும். நாமெல்லாம் அதிகம் இறுக்கியதால் அறுந்தது என்று நினைக்கிறோம்! அவர் கோட்டம் எடுக்கும்போது கம்பிகளை விரலால் மீட்டி ஓசையைக் கேட்டார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டுமாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது சக்கரம் வாங்கப் போனால், அளவில் ஏமாந்துவிடாதீர்கள். நம் தாத்தாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளின் சக்கரத்தை 28 அங்குலம் என்பார்கள். ரோடு சைக்கிளின் ‘700 சி’ சக்கரத்தையும் சிலர் 28 என்றே சொல்வார்கள். ஆனால் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் முதலாவதில் 635 மி.மீ., இரண்டாவதில் 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. பின்சக்கரமானால் அச்சின் அகலத்தையும், பல்சக்கரம் எத்தனை அடுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வண்டியின் பல்சக்கரத்தைப் புது ஹப்பில் போட, சிலவற்றுக்கு 1.85 மி.மீ. கனமுள்ள ஒரு வளையம் தேவைப்படும். அது இல்லாமல் பொருத்தினால் பல்சக்கரம் ஆடும்.

ரிம், கம்பிகள், கூலி, 28 மி.மீ. அகலத்தில் இரண்டு நல்ல டயர்கள், பின்சக்கரத்துக்குக் கிரீஸ், எல்லாம் சேர்ந்து கார்பன் சக்கரங்களின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அம்மாவின் சீட்டுப் பணம் போதுமானதாக இருந்தது. தோடு பெட்டிக்குள் போயிற்று.

அக்கா முழுவதும் சமாதானமாகிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். “அந்த ஓசை இதில் வராது” என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்கு என்னிடம் கணக்கில்லை. புதிதாகக் கட்டிய சக்கரம் கொஞ்ச தூரம் ஓடியபின் கம்பிகள் இடம்பிடித்துச் சற்றுத் தளரும் என்பதால், 100 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அக்கா அதை நான்கே நாளில் ஓட்டி முடித்துவிட்டாள். பழைய ரிம்மை அம்மா கேட்டு வாங்கி, கொல்லையில் பீர்க்கங்கொடிக்குக் கட்டியிருக்கிறார்.