பகலில் உறங்குவோருக்கு இரவு எது?

இரவு என்றால் ஊர் அடங்கும் வேளை என்பார்கள். ஒரகடத்துக்கு வந்து பார்க்கட்டும்! ஒரு கூட்டம் ஆலைக்குள் நுழையும், ஒரு கூட்டம் அயர்ந்து வெளியே வரும். சிங்கப்பெருமாள்கோயில் முதல் திருப்பெரும்புதூர் வரை, கம்பெனி பஸ்களின் அணிவகுப்பு, கண்டெய்னர் லாரிகளின் உறுமல், ஹாரன்களின் அலறல்!

ஏரியும் வயலுமாய் இருந்த மண் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை என்று வரிசையாக வந்தன. வேலை கிடைத்தது, கூலி கிடைத்தது, மகிழ்கிறோம். ஆலை வேண்டாமென்று கூற நாம் பித்தரல்லர். ஆனால், ஆலையோடு வந்த சாலை இரைச்சல் உழைப்போர் இதயத்தையே தாக்கும் என்று மருத்துவ உலகம் எச்சரிக்கும்போது, வாய்மூடிக் கிடக்க நாம் ஊமையருமல்லர்!

"இரைச்சல் காதைக் கெடுக்கும், சரி. இதயத்தை என்ன செய்யும்?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், விளக்குவோம்.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. ஆள் உறங்கினாலும் காது உறங்குவதில்லை. சாலையில் லாரி அலறினால், படுத்திருப்பவன் எழாமலிருக்கலாம். அவன் மூளை ஆபத்தென்று எண்ணிக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் குருதியிலே கலக்கின்றன. நாடி விரைகிறது, குருதிக்குழாய் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாள் என்றால் உடல் தாங்கும். ஆண்டுக்கணக்கில் அன்றாடம் என்றால்? குழாயின் உட்சுவர் பழுதாகிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது பாதை போடுகிறது.

இது நாம் கட்டிய கதையல்ல. ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர்கள், உடல்நலமுள்ள 75 பேரை உறங்கவைத்து, விமான இரைச்சலின் பதிவை இரவில் ஒலிக்கச் செய்தார்கள். விடிந்ததும் சோதித்தபோது, குருதிக்குழாய்கள் விரியும் திறன் குறைந்திருந்தது, அட்ரினலின் கூடியிருந்தது. 2013இல் வெளியிட்டார்கள். டென்மார்க்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு 2012இல் வந்தது. சாலை இரைச்சல் 10 டெசிபல் கூடினால் மாரடைப்பு வாய்ப்பு 12 விழுக்காடு கூடுகிறது என்றது அது. வண்டிப் புகையின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும் கிடைத்த கணக்கு இது! லாரி உறுமியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று நாம் மிரட்டவில்லை. மெல்ல மெல்ல அரிக்கும் செல் என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்கு வழிகாட்டிற்று: இரவுச் சாலை இரைச்சல் 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அதே 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன. பகலில் 55. இரவிலே குடியிருப்புப் பகுதியில் ஹாரன் அடிக்கவும் தடை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால், எது இரவு? பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இரவு என்கிறது சட்டம்.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அந்த எட்டு மணி நேரமும் எந்திரத்தின் முன்னே நின்றவனுக்கு, நின்றவளுக்கு, இரவு எது? காலையில் அறைக்குத் திரும்பி அவர்கள் தலைசாய்க்கும்போது, சட்டப்படி பகல் பிறந்துவிடுகிறது. 45 போய் 55 வந்துவிடுகிறது. பத்து டெசிபல்தானே என்று எண்ணாதீர். டெசிபல் கணக்கில் பத்து கூடினால், ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு! ஹாரன் தடையும் காலையோடு கழன்றுகொள்கிறது. ஊருக்காக இரவெல்லாம் விழித்தவர்க்கு ஊர் தரும் பரிசு இதுவா?

தொழிற்பகுதி என்று வகுக்கப்பட்ட இடமோ, கேட்கவே வேண்டாம். பகலில் 75, இரவில் 70! எந்திரத்துக்கு வகுத்த அளவு அது. அங்கே மனிதரும் உறங்குகிறார்களே! வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பாராட்டத்தக்க பணி. கூரை தந்த கை, உறக்கத்தையும் காக்க வேண்டாமா?

அளந்து பார்க்கவாவது வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் ஏழு பெருநகரங்களில் ஒலி அளக்கும் நிலையங்களைத் தொடங்கிற்று. சென்னை அப்பட்டியலில் இடம்பெற்றது. பெருநகரில் காது வைத்தார்கள். பெருநகருக்குக் காரும் லாரியும் செய்து அனுப்பும் இந்தச் சாலையோரத்திலும் ஒரு காது வைக்கட்டும்!

நாம் கேட்பது வானத்து நிலவையல்ல. மருத்துவமனையையும் பள்ளியையும் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம் அறிவிக்க விதி உண்டு. அங்கே பகலிலும் 50 டெசிபல்தான், ஹாரனுக்கு எந்நேரமும் தடை. அந்தக் காப்பைத் தொழிலாளர் விடுதிகளுக்கும் கொடுங்கள். விதி இடந்தரவில்லையா? விதியைத் திருத்துங்கள். விடுதியருகே வேகத்தைக் குறையுங்கள். படுக்கையறைச் சன்னல் சாலையைப் பாராதபடி கட்டுங்கள். தேவையின்றி ஹாரன் அடித்தால் முதன்முறை ஆயிரம் ரூபாய், மறுமுறை இரண்டாயிரம் என்று 2019இல் சட்டம் திருத்தினார்களே, அதை ஏட்டிலிருந்து சாலைக்கு இறக்குங்கள்.

உற்பத்திக்கு மூன்று ஷிப்ட் வகுத்தவர்கள், உறக்கத்துக்கும் மூன்று ஷிப்ட் வகுக்கட்டும். உழைப்பவரின் இரவு, அவர் கண்ணயரும் நேரம்தான். சட்டமும் அதையே இரவென்று ஏற்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!